பொருளாதாரப் புவியியலுக்கு ஆசிரியர் எடுப்பது: டெல்டா கல்லூரிகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பார்களா என்ற பேச்சு ஓய்வதற்குள், டெல்டா கல்லூரிகளில் ‘இந்த வருஷமாவது போஸ்டிங் வருமா’ என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். புவியியல் துறைத் தலைவராக இருந்தவன், தேர்வுக் குழுக்களில் பாட வல்லுநராக உட்கார்ந்தவன் என்பதால் இரண்டு தரப்பும் என்னிடம் கேட்கிறது. ஆள் தேடும் முதல்வர்களும் செயலர்களும் ஒரு பக்கம், வேலை தேடும் ஆராய்ச்சி மாணவர்களும் கௌரவ விரிவுரையாளர்களும் மறுபக்கம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எந்தத் தரப்பு கேட்டது என்பது கேள்வியிலேயே தெரியும்.

பொருளாதாரப் புவியியலுக்கென்று தனிப் பணியிடம் உண்டா?

பயிரும் தொழிலும் சந்தையும் ஏன் அந்தந்த இடத்தில் அமைகின்றன என்று பார்க்கும் இந்தப் பிரிவுக்குத் தனிப் பணியிடம் கிட்டத்தட்டக் கிடையாது. அரசாணையில் இருப்பது ‘உதவிப் பேராசிரியர், புவியியல்’ என்ற பணியிடம்தான். ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) அரசுக் கல்லூரிகளுக்கு ஆள் எடுக்கும்போது சிறப்புப் பாடம் எது என்று பார்ப்பதில்லை. பல்கலைக்கழக விளம்பரங்களில் மட்டும் ‘சிறப்புப் புலம்’ என்று ஒரு வரி வரும். உதவி பெறும் கல்லூரியிலும் சுயநிதிப் பிரிவிலும் அந்த வரியைச் சேர்க்கும் உரிமை நிர்வாகத்திடம் இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை.

டெல்டாவில் புவியியல் துறை உள்ள இடங்களே கொஞ்சம். கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி, தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் மகளிர் கல்லூரி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் என்று சட்டென்று எண்ணிவிடலாம். ஆகவே ஒரு இடம் காலியானால் அதில் யார் வந்து உட்காருகிறார் என்பது இருபது, முப்பது வருஷத்துக்கு அந்த வட்டாரத்தின் புவியியல் படிப்பையே தீர்மானிக்கும்.

விளம்பரத்தில் என்ன எழுதினால் சரியான ஆள் வருவார்?

பாதி வேலை இங்கேதான் முடிகிறது. ‘புவியியல் உதவிப் பேராசிரியர் தேவை, யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி தகுதி’ என்று இரண்டு வரி போட்டால், வரும் விண்ணப்பங்களில் பெரும்பங்கு தொலையுணர்வு, ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தகவலை அலசும் முறை), நிலத்தடி நீர் வரைபடம் செய்தவர்களுடையதாக இருக்கும். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் கடந்த பல வருஷங்களாக முனைவர் பட்ட ஆய்வுகள் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கின்றன. செயற்கைக்கோள் படம் கிடைக்கும், மென்பொருள் கிடைக்கும், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் துறையில் ஏற்கெனவே அப்படி மூன்று பேர் இருந்தால் நான்காவதாகவும் அதே ஆளையா எடுப்பீர்கள்?

நான் சொல்லும் வழி இது. நடத்த வேண்டிய தாள்களின் பெயரை விளம்பரத்திலேயே போடுங்கள்: பொருளாதாரப் புவியியல், வேளாண் புவியியல், வட்டாரத் திட்டமிடல், கள ஆய்வு முறைகள். ‘வேளாண்மை, தொழில் அமைவிடம், சந்தை, போக்குவரத்து, புலம்பெயர்வு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் ஆய்வு செய்தவர்களுக்கு முன்னுரிமை’ என்று ஒரு வாக்கியம் சேருங்கள். ‘கட்டாயம்’ என்று எழுதாதீர்கள். விதியில் இல்லாத கட்டாயத்தைச் சேர்த்தால் வழக்கு வரும். ‘முன்னுரிமை’ என்ற சொல் போதும், வருகிறவர்கள் யார் என்பது மாறிவிடும்.

இனச்சுழற்சியில் (இட ஒதுக்கீட்டு வரிசையில்) எந்தப் பிரிவுக்கான இடம், கடைசி நாள் எது, எந்த மதிப்பெண் அட்டவணைப்படி வடிகட்டுவீர்கள் என்பதையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். நடுவில் மாற்றினால் குழு எவ்வளவு நேர்மையாக நடந்திருந்தாலும் நீதிமன்றத்தில் நிற்காது.

அடிப்படைத் தகுதி என்ன? பிஎச்.டி. வேண்டுமா வேண்டாமா?

2018 யூஜிசி ஒழுங்குமுறைப்படி, தொடர்புடைய பாடத்தில் முதுகலையில் 55 சதவீதம், அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு). ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 சதவீதத் தளர்வு உண்டு. 2009 அல்லது 2016 விதிகளின்படி பிஎச்.டி. முடித்தவருக்கு நெட்டிலிருந்து விலக்கு. பல்கலைக்கழகத் துறைகளுக்கு பிஎச்.டி. கட்டாயம் என்று 2018-ல் சொன்னார்கள். அதைத் தள்ளிப்போட்டு, 2023 ஜூலையில் திருத்தியே விட்டார்கள். இப்போது நெட், செட் தான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. விருப்பத் தகுதி.

வெளிநாட்டில் பிஎச்.டி. முடித்தவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. க்யூஎஸ், டைம்ஸ், ஷாங்காய் ஆகிய மூன்று உலகத் தரவரிசைகளில் ஏதாவதொன்றில் முதல் 500-க்குள் எப்போதாவது இடம்பெற்ற பல்கலைக்கழகமாக இருந்தால் நெட் தேவையில்லை. சிங்கப்பூரில் படித்துவிட்டு ‘ஊருக்கே வந்துடலாமான்னு பாக்கறேன்’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த விதி தெரிவதில்லை.

புதிதாக ஒரு பொறி இருக்கிறது, கவனம். 2024 ஜூனிலிருந்து நெட் முடிவில் மூன்று பிரிவுகள் வருகின்றன. மூன்றாவது பிரிவு பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். அந்தச் சான்றிதழோடு ‘நானும் நெட் பாஸ்’ என்று உதவிப் பேராசிரியர் வேலைக்கு வந்தால் கூர்ந்தாய்விலேயே கழித்துவிடுவார்கள்.

நான் எம்.ஏ. பொருளியல். புவியியல் துறைக்கு விண்ணப்பிக்கலாமா?

யூஜிசி விதியில் ‘தொடர்புடைய, சார்ந்த பாடம்’ என்று தாராளமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அரசு, உதவி பெறும் கல்லூரிகளில் புவியியல் பணியிடத்துக்குப் புவியியல் முதுகலை அல்லது அரசாணைப்படி அதற்கு இணையானது என்று ஏற்கப்பட்ட பட்டம் வேண்டும். பொருளியல் பட்டத்தோடு வந்தால் பல்கலைக்கழகத் தகுதி ஒப்புதலில் நின்றுபோகும். மத்தியப் பல்கலைக்கழகம் துறை கடந்த திட்டமாக விளம்பரம் செய்தால் முயலலாம். மற்ற இடங்களுக்குத் தபால் செலவு வீண்.

வருத்தமான விஷயம்தான். பால் க்ரூக்மன் 1991-ல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய ‘புதிய பொருளாதாரப் புவியியல்’ முழுக்கப் பொருளியல் துறையில் பிறந்தது. அவருக்கு 2008-ல் நோபெல் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவரே வந்து கேட்டாலும் நம் கூர்ந்தாய்வு மேசையில் ‘இணைத்தன்மைச் சான்று எங்கே?’ என்றுதான் கேட்பார்கள்.

மதிப்பெண் அட்டவணை எப்படி வேலை செய்கிறது? நெட்-ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைத் தகுதி) இருந்தும் எனக்கு அழைப்பே வரவில்லை.

2018 யூஜிசி ஒழுங்குமுறையில் பல்கலைக்கழகங்களுக்கு 3ஏ, கல்லூரிகளுக்கு 3பி என்று இரண்டு அட்டவணைகள். ஒரே ஆளுக்கு இரண்டிலும் வேறு வேறு மதிப்பெண் வரும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒருவர் இளங்கலையில் 62, முதுகலையில் 65 சதவீதம், பிஎச்.டி., செட், மூன்று கட்டுரைகள், இரண்டு வருஷ அனுபவம். 3ஏ அட்டவணையில் 13, 23, 30, 3, 6, 4, ஆக 79. இன்னொருவர் இளங்கலையில் 84, முதுகலையில் 81 சதவீதம், நெட்டில் ஜேஆர்எஃப், ஒரு கட்டுரை, பிஎச்.டி. இன்னும் முடியவில்லை. அவருக்கு 15, 25, 7, 2, ஆக 49. முப்பது மதிப்பெண் பள்ளம், அது முழுக்க பிஎச்.டி. தோண்டியது. அதே இருவரும் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் 3பி-யில் முதலாமவருக்கு 82, இரண்டாமவருக்கு 58. அங்கே இளங்கலைக்கும் நெட்டுக்கும் எடை கூடுதல், பிஎச்.டி.க்கு 25 தான். ஜேஆர்எஃப் வைத்திருந்தும் அழைப்பு வரவில்லை என்றால், பெரும்பாலும் நீங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போட்டிருப்பீர்கள். விதி பிஎச்.டி.யை விருப்பத் தகுதி என்கிறது, அட்டவணை அதை வாசற்படியில் உட்கார வைத்திருக்கிறது.

இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. ஒன்று, இந்த மதிப்பெண் நேர்முகத்துக்கு அழைப்பதற்கு மட்டும். தேர்வு, நேர்முகத்தில் எப்படிச் செய்கிறார் என்பதை வைத்துத்தான். 82 வாங்கியவர் 58 வாங்கியவரிடம் தோற்கலாம், அதில் முறைகேடு எதுவும் இல்லை. இரண்டு, பிஎச்.டி. செய்த காலத்தை ஆசிரிய அனுபவமாகக் காட்டாதீர்கள். பணியில் இருந்தபடி, விடுப்பு எடுக்காமல் செய்திருந்தால்தான் அது கணக்கில் வரும்.

கட்டுரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எவை தரமான இதழ்கள் என்று சொல்லிவந்த யூஜிசி-கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். எந்த இதழ் தரமானது என்று அந்தந்த நிறுவனம்தான் முடிவு செய்ய வேண்டும். காசு கட்டினால் மூன்றே நாளில் வெளியிடும் இதழ்களுக்கு இது கொண்டாட்டம். குழுவில் இருப்பவர் கட்டுரையைத் திறந்து இரண்டு பக்கம் படித்தால் தெரிந்துவிடும். படிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜன் கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். இளங்கலைக்கு இத்தனை, முதுகலைக்கு இத்தனை என்று கூட்டிக்கொண்டிருக்கும்போது அது எனக்கு நினைவுக்கு வராமல் போனதில்லை.

தேர்வுக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் தலைவர். வேந்தர் நியமிக்கும் ஒரு பேராசிரியர், ஒப்புதல் பெற்ற பட்டியலிலிருந்து மூன்று வெளிப் பாட வல்லுநர்கள், புல முதன்மையர், துறைத் தலைவர். குறைந்தது நான்கு பேர், அவர்களில் இரண்டு பேராவது வெளி வல்லுநர்கள், இருந்தால்தான் கூட்டம் செல்லும். துணைவேந்தர் இல்லாமல் நிர்வாகக் குழுவை வைத்து ஓட்டும் பல்கலைக்கழகங்களில் நிரந்தர நியமனம் ஏன் நகர மறுக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

உதவி பெறும் கல்லூரியில் நிர்வாகக் குழுத் தலைவர், முதல்வர், துறைத் தலைவர், துணைவேந்தரின் இரண்டு பிரதிநிதிகள், கல்லூரியோடு தொடர்பில்லாத இரண்டு வல்லுநர்கள். வல்லுநரை அழைக்கும்போது ‘புவியியல் பேராசிரியர்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். நில வடிவங்களை ஆராயும் புவிப்புறவியல் ஆள் மூன்று பேர் உட்கார்ந்து பொருளாதாரப் புவியியல் ஆளைத் தேர்ந்தெடுத்தால், ஆற்று வளைவைப் பற்றி நன்றாகப் பேசியவர்தான் வேலைக்கு வருவார்.

எங்களுக்கு ஒரே ஒரு காலியிடம். இனச்சுழற்சி பார்க்க வேண்டுமா?

கட்டாயம். தமிழ்நாட்டில் 69 சதவீத ஒதுக்கீடு 200 புள்ளிச் சுழற்சியாக ஓடுகிறது. ஒரே இடமானாலும் சுழற்சியில் இப்போது எந்தப் புள்ளி வருகிறதோ அந்தப் பிரிவுக்கே. உதவி பெறும் கல்லூரிகள் 1976-ஆம் ஆண்டின் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வருகின்றன. மண்டல இணை இயக்குநர் அலுவலகம் சுழற்சிப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் அனுமதி தரும். சிறுபான்மைக் கல்லூரிகளுக்கு இனச்சுழற்சி கட்டாயமில்லை, தகுதி விதிகள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் கணக்கே வேறு. எஸ்சி 15, எஸ்டி 7.5, ஓபிசி 27, பொருளாதாரத்தில் நலிந்தோர் 10 சதவீதம். 2019 சட்டப்படி ஒதுக்கீட்டுக் கணக்குக்குத் துறை துறையாக இல்லாமல் மொத்தப் பல்கலைக்கழகமும் ஒரே அலகு. நம் பிள்ளைகள் இங்கே வழுக்குவது சான்றிதழில். மாநிலப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை அப்படியே இணைத்துவிடுவார்கள். மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவினர் அல்ல என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருந்து அங்கே இல்லாத சமூகங்கள் உண்டு.

அரசுக் கல்லூரிக்கு டிஆர்பி-யை நம்பிக் காத்திருக்கலாமா?

படித்துக்கொண்டே இருங்கள், காத்துக்கொண்டே இருக்காதீர்கள். 2019-ல் 2,331 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, நியமனம் நடக்காமலே போயிற்று. 2024 மார்ச்சில் 4,000 இடங்கள் என்றார்கள், ஆகஸ்டு 4-ஆம் தேதி என்று சொன்ன தேர்வு நடக்கவில்லை. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு மறுபடி அறிவிப்பு. 2019-ல் விண்ணப்பித்தபோது கைக்குழந்தையோடு இருந்தவருக்கு இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. கிடைத்தால் 57,700 ரூபாய் அடிப்படை ஊதியத்தில், பத்தாம் நிலையில் தொடங்கும் வேலை. அதற்காகத்தான் இத்தனை பேர் பொறுக்கிறார்கள்.

கௌரவ விரிவுரையாளராக இருப்பது உதவுமா?

அனுபவ மதிப்பெண்ணுக்கு உதவும், வருஷத்துக்கு 2 வீதம் 10 வரை. வயிற்றுக்கு உதவாது. மாதம் 25,000 ரூபாய், வருஷத்தில் 11 மாதம். யூஜிசி 2019-லேயே மணிக்கு 1,500, மாதம் 50,000 வரை தரலாம் என்று சொல்லியிருக்கிறது. நிரந்தர ஆசிரியர் எடுக்கும் அதே வகுப்பு, அதே விடைத்தாள், கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகைக்கான அதே கோப்பு வேலை. இதை நான் நியாயம் என்று சொல்லப் போவதில்லை. ஊதியச் சான்று, பணி நியமன ஆணை, வகுப்பு அட்டவணை எல்லாவற்றையும் ஒவ்வொரு வருஷமும் முதல்வர் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். பத்து வருஷம் கழித்து அனுபவச் சான்று கேட்டால், அந்த முதல்வர் ஓய்வு பெற்றிருப்பார், கோப்பைத் தேடித் தர ஆள் இருக்காது.

மாதிரி வகுப்புக்கு என்ன தலைப்பு கொடுக்கலாம்?

‘வெபரின் தொழில் அமைவிடக் கோட்பாடு’ (போக்குவரத்துச் செலவு மிகக் குறையும் இடத்தில் தொழில் அமையும் என்பது) என்று மட்டும் கொடுத்தால் முக்கோணம் போட்டு, மூலப்பொருள் குறியீட்டைச் சொல்லி, பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே மாதிரி. ‘வெபரை வைத்துச் சுவாமிமலையை விளக்குக’ என்று கொடுங்கள். அப்போது ஆள் தெரியும்.

சுவாமிமலையில் சிலை வார்க்கத் தாமிரம் வெளியூரிலிருந்து வருகிறது. மெழுகு உருவத்தின்மேல் பூசும் வண்டல் மண்தான் காவிரிக் கரையில் கிடைப்பது. வார்ப்பு முடிந்ததும் அந்த மண் கூட்டை உடைத்துக் கொட்டிவிடுகிறார்கள். சிலையில் ஒரு கிராம்கூட அந்த மண் போவதில்லை. எடையெல்லாம் இழக்கும் மூலப்பொருள், ஆகவே மண் இருக்கும் இடத்தில் தொழில் என்று வெபர் பாணியில் சொல்லலாம். நல்ல ஆசிரியர் அங்கே நிறுத்த மாட்டார். வண்டல் காவிரி நெடுகக் கிடைக்கிறதே, ஏன் இந்த ஊர் மட்டும் என்று மாணவரையே கேட்பார். அப்போது கோயில்கள், ஸ்தபதி குடும்பங்களின் கைத்திறன், ஒரு தெருவில் பட்டறைகள் சேர்ந்திருப்பதால் கிடைக்கும் பலன் எல்லாம் பேச்சில் வரும். மரக்கிளை மாதிரி ஒன்றிலிருந்து ஒன்று பிரியும் அந்தப் பேச்சுதான் பாடம்.

இன்னொரு தலைப்பும் நான் கொடுப்பதுண்டு: ‘வான் துனென் டெல்டாவுக்கு வந்தால் வளையம் தெரியுமா?’ 1826-ல் அவர் சொன்னது, சந்தையிலிருந்து தள்ளிப் போகப் போக நிலத்தின் வருவாய் குறையும், அதற்கேற்பச் சந்தையைச் சுற்றி வளையம் வளையமாகப் பயிர் மாறும் என்பது. இங்கே நெல்லுக்கு அரசு விலை எல்லா ஊரிலும் ஒன்று, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையமும் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. தூரம் செத்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். களத்துக்குப் போய்ப் பாருங்கள். நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்திலேயே கட்டில் போட்டுக் காவல் இருப்பார்கள். சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, சுமைதூக்கும் ஆள் இல்லை. அதற்குள் ஒரு மழை. ஈரப்பதமானி 17 சதவீதத்தைத் தாண்டினால் ‘காயவெச்சு எடுத்துட்டு வாங்க’. தூரம் கிலோமீட்டரிலிருந்து நாளுக்கு மாறியிருக்கிறது. இதைத் தானாகச் சொன்ன விண்ணப்பதாரருக்கு, அவர் துனெனின் பிறந்த ஊரைத் தப்பாகச் சொன்னாலும், நான் முழு மதிப்பெண் போடுவேன்.

நேர்முகத்தில் என்னென்ன கேட்பார்கள்? எதைக் கேட்கக் கூடாது?

ஆய்வைப் பற்றி முதலில் கேட்பார்கள். பிறகு பாடத்திட்டத்தில் எந்தத் தாளை நாளைக்கே எடுப்பீர்கள் என்று. டெல்டாவைப் பற்றிய கேள்வி குறைந்தது ஒன்று இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பிடித்த கேள்விகள் சில:

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களும் வந்தன. முதல் அறிவிப்பில் பெயர் இருந்த திருச்சி, அரியலூர், கரூர் சட்டத்தில் வரவில்லை. டெல்டா எங்கே முடிகிறது என்று நீங்கள் எப்படிக் கோடு போடுவீர்கள்? பாசனத்தை வைத்தா, மண்ணை வைத்தா, மாவட்ட எல்லையை வைத்தா?

கும்பகோணம் மாவட்டத் தலைநகரம் இல்லை. மயிலாடுதுறை 2020 டிசம்பர் 28 முதல் தலைநகரம். சின்ன ஊர்கள் எந்தச் சேவைக்கு எந்தப் பெரிய ஊரை நாடும் என்று சொல்லும் கிறிஸ்டாலரின் மைய இடக் கோட்பாட்டை வைத்துப் பார்த்தால், சுற்று ஊர் மக்கள் எந்த வேலைக்கு எந்த ஊருக்குப் போவார்கள்?

கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் வயலைவிட வெளிநாட்டுப் பணம் பெரிய வருமானமாக இருக்கும் தெருக்கள் உண்டு. அதை எந்தத் தரவை வைத்து அளப்பீர்கள்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் மாணவர்களை அனுப்பிக் கணக்கெடுக்க வைத்த கிராமங்களில் பாலக்குறிச்சியும் ஒன்று. பிறகும் அந்த ஊரை மறு ஆய்வு செய்திருக்கிறார்கள். உங்கள் மாணவர்களை அங்கே கூட்டிப்போனால் முதல் நாள் என்ன கேட்கச் சொல்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கு ‘வினாநிரல் தயாரிப்பேன்’ என்று மட்டும் சொல்பவரைவிட, ‘முதலில் டீக்கடையில் உட்கார்ந்து, யார் நிலம் யாரிடம் குத்தகையில் இருக்கிறது என்று கேட்பேன், அப்புறம்தான் வினாநிரல்’ என்பவர் தேவலாம்.

கேட்கக் கூடாதவை: ‘எந்தத் தெரு?’, ‘கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை எப்போ?’, ‘வீட்டுக்காரர் எங்கே வேலை பாக்கிறார், இங்கே தங்குவீங்களா?’ முதல் கேள்வியின் அர்த்தம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மற்றவற்றை ஆண்களிடம் யாரும் கேட்பதில்லை. வல்லுநராக உட்கார்ந்திருப்பவர் அந்த இடத்திலேயே, ‘இது வேண்டாம் சார், பாடத்துக்கு வருவோம்’ என்று வெட்டிவிடலாம். வெட்டினால் அடுத்த விண்ணப்பதாரரிடம் அந்தக் கேள்வி வராது.

ஜிஐஎஸ் தெரியாமல் இப்போது வேலை கிடைக்குமா?

தெரிந்துகொள்ளுங்கள், அது பெரிய வித்தை இல்லை. க்யூஜிஐஎஸ் இலவசம், ஒரு பருவத்தில் கை பழகிவிடும். நெட் புவியியல் பாடத்திட்டத்தின் பத்து அலகுகளில் பொருளாதார நடவடிக்கைகளும் வட்டார வளர்ச்சியும் ஆறாவது அலகு மட்டுமே, ஆகவே தேறி வந்தவரெல்லாம் இதை நடத்தத் தெரிந்தவர் என்று குழுவும் நினைக்க வேண்டாம். வரைபடத்தில் கொள்முதல் நிலையங்களைப் புள்ளியாகக் காட்டத் தெரிந்தவர் வேண்டும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஏன் ஒரு வெற்றிடம் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் அதைவிட வேண்டும்.

பணம் கேட்கிறார்கள் சார். என்ன செய்வது?

இந்தக் கேள்வி பகலில் வராது, ராத்திரி போனில் வரும். கொடுக்காதீர்கள். நியாயத்தை விடுங்கள், கணக்குக்கே ஒத்துவராது. சுழற்சியோ தகுதியோ பிசகினால் இணை இயக்குநர் ஒப்புதல் வராது, பல்கலைக்கழகத் தகுதி ஒப்புதல் வராது, சம்பளம் வராது. கொடுத்த பணத்துக்கு ரசீதும் கிடையாது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தின்பேரில் கொடுத்துவிட்டு 7 நாளுக்குள் புகார் செய்பவருக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு. நிலத்தை விற்றுக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வகுப்பில் வேளாண் நிலக் கைமாற்றம் பற்றிப் பாடம் எடுப்பதையும் கேட்டிருக்கிறேன்.

தமிழில் நடத்தத் தெரிந்தால் போதுமா?

டெல்டா அரசுக் கல்லூரியில் தமிழில் நடத்தத் தெரியாமல் காலம் தள்ள முடியாது. முன் பெஞ்சிலிருப்பவர் நீடாமங்கலம் பக்கம் பஸ் ஏறி வந்த முதல் தலைமுறைப் பட்டதாரியாக இருப்பார். ‘நடவு ஆள் கிடைக்காமல் மிஷின் நடவு வந்தது’ என்று சொன்னால் உழைப்புச் செலவும் மூலதனப் பதிலீடும் அவருக்கு உடனே புரியும். ஆங்கிலம் ஆய்வுக் கட்டுரை படிக்கவும் எழுதவும் வேண்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பல மாநிலப் பிள்ளைகள் இருப்பதால் அங்கே ஆங்கிலமே வகுப்பறை மொழி. மாநில அரசுப் பணியில் தமிழ்வழிக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும்.

ஆள் வந்துவிட்டார். துறையில் என்ன தயாராக இருக்க வேண்டும்?

சர்வே ஆஃப் இந்தியா நிலவரைத் தாள்கள் முதலில். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் எல்லாம் 58 என் தொகுதியில் வரும், மயிலாடுதுறை 58 எம்-க்குப் போய்விடும். பழைய பதிப்பும் புதுப் பதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த வாய்க்கால் மனைப்பிரிவானது என்று முதல் வருஷ மாணவரே கண்டுபிடிப்பார். பிறகு களப்பணிக்கு ஒரு சின்னத் தொகை. வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு என்பது யூஜிசி கணக்கு. அதை 22 ஆக்கிவிட்டு ‘ஏன் கள ஆய்வுக்குக் கூட்டிப்போகவில்லை’ என்று நாக் கூட்டத்தில் கேட்காதீர்கள். முதல் பருவத்திலேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலக வேலை, என்எஸ்எஸ், சேர்க்கைக் குழு எல்லாவற்றையும் புது ஆளின் தலையில் கட்டுவது நம் பழக்கம். கொஞ்சம் பொறுங்கள்.

தேர்வானவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் மறுபடி விளம்பரமா?

அதைத் தவிர்க்கத்தான் காத்திருப்புப் பட்டியல். தேர்வுக் குழு கூடும் அன்றைக்கே, அதே தீர்மானத்தில், அதே சுழற்சிப் பிரிவில் இரண்டாவது, மூன்றாவது பெயரைத் தகுதி வரிசையில் எழுதி எல்லா உறுப்பினரும் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு எழுதிச் சேர்த்தது செல்லாது. டிஆர்பி முடிவும் உங்கள் நியமனமும் ஒரே சமயத்தில் வரும்போலிருந்தால் இரண்டாவது பெயரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் அரசு வேலைக்குப் போவார், போகத்தான் வேண்டும். சேரும் நாளுக்கு 15 நாளாவது அவகாசம் கொடுங்கள், பழைய கல்லூரியில் விடுவிப்பு ஆணை வாங்கவே அவ்வளவு ஆகும்.